எயிட்ஸ் வரலாற்றுக் காட்சியறைக்குப் பழைய சுவரொட்டிகள் தேவை

குழும உறவுகளுக்கு வணக்கம். டிசம்பர் 1 உலக எயிட்ஸ் தினத்தை ஒட்டி, கல்லடியில் எங்கள் வாசிகசாலையின் பின்னறையில், அந்நோயின் வரலாற்றைச் சொல்லும் சிறு காட்சியறை ஒன்றை அமைத்து வருகிறோம். 1981 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர் ஐவருக்கு வந்த அரிய நிமோனியா பற்றிய அறிக்கை முதல், 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து மரணங்களைக் குறைத்தது வரை பலகைகளில் எழுதிவிட்டோம். இறந்தவர்களின் பெயர்களைத் தைத்த துணிகளை இணைத்து 1987இல் வாஷிங்டனில் விரித்த நினைவுப் போர்வையின் மாதிரியாக, மருதமுனைக் கைத்தறித் துணியில் மூன்றடிக்கு ஆறடியில் ஒரு துண்டும் தைக்கிறோம். நிலத்தில் விரித்தால் அது ஒரு புதைகுழியின் அளவு.

குறைவாக இருப்பது நம்மூர்ப் பகுதிதான். 1987இல் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட பின்னர், யுத்த காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் தமிழில் வெளிவந்த சுவரொட்டிகளோ துண்டுப்பிரசுரங்களோ உங்களிடம் இருந்தால் தந்துதவுங்கள். மண்டையோட்டுப் படம் போட்டுப் பயமுறுத்தியவையும் வேண்டும், அவற்றை மறைப்பது சரியல்ல என்பது என் எண்ணம். அக்காலத்தில் பணியாற்றிய குடும்பநல உத்தியோகத்தர் எவரேனும் வந்து பேச இசைந்தால் பேருதவியாக இருக்கும். நோயாளரின் பெயரோ படமோ வேண்டாம். மூலப்பிரதியைத் தர விருப்பமில்லாதோர் தெளிவான புகைப்படம் ஒன்றை உட்பெட்டியில் அனுப்பினாலே போதும்.