புதுப்பிப்பு: கம்பளையிலிருந்து கெம்பஸுக்குக் கோச்சி

தங்கச்சி பேராதனை கெம்பஸுக்குக் (பல்கலைக்கழகத்துக்குக்) கம்பளையிலிருந்து கோச்சியில் (ரயிலில்) போனால் எங்கே இறங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் நன்றி. இப்போது போய் வருகிறாள், வீட்டிலும் நிம்மதி.

இறங்க வேண்டிய இடம் சரசவி உயன. பேராதனைச் சந்தி ஸ்டேஷனுக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள சின்ன ஸ்டேஷன். ஆனால் ஒன்று, பதுளைப் பாதையில் வரும் எல்லாக் கோச்சியும் கண்டிக்குள் போகாது. பொடி மெனிக்கே எக்ஸ்பிரஸ் கண்டிக்குப் போய்த் திரும்பும். உடரட்ட மெனிக்கே எக்ஸ்பிரஸ் பேராதனையிலிருந்து நேரே கொழும்புப் பக்கம் போய்விடும். எக்ஸ்பிரஸை நம்பாமல் கண்டிக்குப் போகும் ஸ்லோ கோச்சியைப் பாருங்கள். சரசவி உயனவில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கமிருந்து பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கும் இதுதான் வழி.