பையின் பின்புறத்தில் முதலில் நிற்கும் கோழி

வைகைக்கரை:
நாய்க்குட்டிப் பராமரிப்புத் திரியில் நண்பர் ‘பிரவுனி இல்லம்’ நேற்று ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார். உலர் உணவுப் பையைத் திருப்பிப் பார்த்து, பொருட்பட்டியலில் முதல் பெயர் ‘கோழி’ என்று இருந்தால் வாங்க வேண்டுமாம், ‘கோழி மீல்’ (கோழியை உலர்த்தி அரைத்த தூள்) என்று இருந்தால் அந்தக் குப்பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம். அதற்குக் கீழே முப்பது பேர் நன்றி சொல்லியிருப்பதைப் பார்த்த எரிச்சலில்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவிலிருந்து வரும் பைகளில் பொருட்களை எடையின் இறங்குவரிசையில் எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த எடை, பொருட்கள் கலவைக்குள் போகும்போது இருந்த எடையே தவிர, வெந்து உலர்ந்து பைக்குள் வந்து சேர்ந்த எடை அல்ல. பச்சைக் கோழியில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு தண்ணீர். பைக்குள் இருக்கும் உருண்டையிலோ ஈரம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 100 கிலோ கலவையில் 25 கிலோ பச்சைக் கோழியும் 22 கிலோ அரிசியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் போனால் கோழியில் மிஞ்சுவது 7.5 கிலோ, அரிசியில் மிஞ்சுவது 19 கிலோவுக்கும் மேல். பட்டியலில் தலைமை தாங்கும் கோழி, உண்மையில் அரிசியின் பாதிக்குக்கூட வரவில்லை. அதே 25 கிலோ இடத்தில் கோழி மீல் இருந்தால், அது முன்பே நீரும் கொழுப்பும் நீக்கி அரைத்த பொருள் என்பதால், 22 கிலோவுக்குக் குறையாமல் நிற்கும். உப்புக்கண்டம் போட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பிரவுனி இல்லம்:
ஒன்பது ஆண்டுகளாக லாப்ரடார் வளர்க்கிறேன். என் பிரவுனியின் ரோமத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் எவரும் என்னிடம் உப்புக்கண்டக் கணக்குக் கேட்டதில்லை. ஐயா வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கோழிக் குழம்பு வைப்பாரா, அல்லது கோழியைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, பொடித்து, ஆறு மாதம் மூட்டையில் வைத்திருந்த தூளைக் கரைத்து ஊற்றுவாரா என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன். மீல் என்பது ஏற்கெனவே ஒருமுறை வெந்த பொருள்; ஆலையில் இரண்டாம் முறை வேகிறது. அதில் எந்தத் தரத்துப் பறவை போனது என்பதைப் பை சொல்வதில்லை. கோழி என்று எழுதியிருந்தால் அது கோழி.

வைகைக்கரை:
கோழி என்று எழுதியிருந்தால் அது 70 பங்கு தண்ணீர். இதற்கு மட்டும் பதில் வரவில்லை.

கால்நடை மாணவி:
இருவரும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்கிறீர்கள் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ தந்துள்ள வரையறைப்படி, ‘கோழி’ என்பது தசையும் தோலும் சேர்ந்தது. எலும்பு அதனுடன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இறகு, தலை, கால், குடல் ஆகியவை இருக்கக் கூடாது. ‘கோழி மீல்’ என்பதும் இதே பாகங்களை உலர்த்தி அரைத்ததுதான். கால், கழுத்து, குடல், முதிராத முட்டை ஆகியவை வருவது ‘உபபொருள் மீல்’ என்னும் வேறொரு பெயரின் கீழ். ஆஃப்கோ எந்த உணவையும் தானே சோதித்து அங்கீகரிப்பதும் இல்லை. ஆகவே நாம் பேசுவது மீலைப் பற்றியா, உபபொருள் மீலைப் பற்றியா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா?

பிரவுனி இல்லம்:
சகோதரிக்கு நன்றி. மீல் என்பது மீல்தான்.

வைகைக்கரை:
தங்கை மாணவி என் பக்கம்தான் பேசியிருக்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

சிப்பிப்பாறை வீரன்:
இந்தச் சண்டையே பட்டணத்துக்காரர்களின் பொழுதுபோக்கு. எங்கள் தாத்தா வளர்த்த சிப்பிப்பாறைகள் கம்பங்களியும் மோரும் குடித்துவிட்டு முயலை மடக்கின. பையும் கிடையாது, பட்டியலும் கிடையாது.

வைகைக்கரை:
வீரன் தம்பி, கம்பங்களியை நான் குறை சொல்லவில்லை. நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் உண்டு என்பதையும், ஓநாயைவிட நாயிடம் அதற்கான மரபணுவின் படிகள் மிகுதி என்பதையும் 2013இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். என் வழக்கு அரிசி இருக்கிறது என்பதன் மேல் அல்ல. அரிசியைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் கோழியை முன்னால் நிறுத்தி விலை வாங்குகிறார்கள் என்பதன் மேல்தான். தம்பியோ சென்ற ஆண்டு ராஜபாளையம் திரியில், வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மையைப் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சிப்பிப்பாறை வீரன்:
அந்தத் திரியில் ராஜபாளையங்களே செவிடு என்பதுபோல நீங்கள் எழுதியதை இன்னும் திருத்தவில்லை. என் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கூட வேண்டாம்.

வைகைக்கரை:
‘சில’ என்றுதான் எழுதினேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் பெயரைப் பார்த்து மயங்குபவர்களை ஏமாற்ற இன்னொரு வழியும் உண்டு. பட்டாணியை மொத்தமாக எழுதினால் அது கோழிக்கு மேலே போய்விடும் என்றால், பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நான்காகப் பிரித்து எழுதினால் போதும். நான்கும் தனித்தனியே கீழே இறங்கிவிடும், கோழி தானாகவே மேலே ஏறிவிடும். தானியத்துக்குப் பதில் பட்டாணி போட்ட இப்படிப்பட்ட தானியமில்லாப் பைகளைத்தான் நண்பர் பிரவுனி தலையில் வைத்துக் கூத்தாடுகிறார். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாய்களின் இதயத் தசை விரிந்து பலவீனப்படும் நோய்க்கும் இத்தகைய உணவுகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. 2019 ஜூனில் முறையீடுகளில் அடிக்கடி வந்த 16 உணவு பிராண்டுகளின் பெயர்களையும் வெளியிட்டது. முறையீடு வந்த உணவுகளில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவை தானியமில்லாதவை.

புரதம் 30 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வாதாட வருபவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த எண் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிக் கிடைப்பது. அது கோழிப் புரதமா பட்டாணிப் புரதமா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்னும் வேதிப்பொருளைக் கலந்து அந்த எண்ணை உயர்த்தினார்கள். வட அமெரிக்காவில் எத்தனையோ நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அந்த எண்ணுக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

பிரவுனி இல்லம்:
பாதிக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவது ஐயாவின் பழைய பழக்கம். அதே நிர்வாகம் 2022 டிசம்பரில், பொருளுள்ள புதிய தகவல் வரும்வரை இதுபற்றி இனி அறிக்கை வெளியிடப் போவதில்லை என்று சொன்னதை ஏன் விட்டுவிட்டார்? காரணம் இதுதான் என்று அவர்கள் என்றைக்கும் நிறுவவில்லை. அது போகட்டும், பட்டாணியைப் பற்றி யார் கேட்டது? நான் பேசியது கோழியைப் பற்றி. கோழி முதலில் இருக்கிறதா, இல்லையா? மீல் போட்ட மலிவு உணவைத்தான் பல கடைகளில் மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோ கணக்கில் அள்ளி விற்கிறார்கள். என் வீட்டருகே ஒரு கடையில் அப்படி வாங்கி, சிக்குப் பிடித்த எண்ணெய் வாடையோடு பிரவுனிக்குப் போட்டுவிட்டு மூன்று நாள் பேதிக்கு வைத்தியம் பார்த்தவள் நான்.

கடைவீதி:
உதிரியாக விற்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று அம்மா எழுதியிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். பதினைந்து கிலோ பையை மொத்தமாக வாங்க எல்லோராலும் முடியாது. தெரு நாய்களுக்குப் போடுகிறவர்கள் என்னிடம் அரைக் கிலோதான் கேட்கிறார்கள். மூடிவைக்காத கடையும் உண்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து விற்கும் கடையும் உண்டு. அம்மா வாங்கிய கடை என்னுடையது அல்ல.

பிரவுனி இல்லம்:
உங்கள் கடை என்று நான் சொல்லவில்லையே. ஏன் பதறுகிறீர்கள்?

கணக்கப்பிள்ளை:
இடையில் புகுந்ததற்குப் பொறுத்துக்கொள்ளவும். முதல் பெயரை விட்டுவிட்டுப் பையிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்க்கலாம். புரதம் 24, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) 8 என்றால் கூட்டுத்தொகை 56. மிச்சமுள்ள 44 ஏறத்தாழ மாவுச்சத்து. ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால் புரதம் 26.7 ஆகும். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சம், ஈரம் நீக்கிய கணக்கில், 18, குட்டிக்கு 22.5. சாம்பல் மிக உயர்ந்திருந்தால் எலும்பு மிகுதி என்று ஐயப்படலாம். இந்த வழியில் போனால் கோழியா மீலா என்ற தகராறு பெரும்பாலும் தேவைப்படாது.

வைகைக்கரை:
கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் தகராறு தேவைப்படாது என்பதை ஏற்க மாட்டேன். தகராறு தேவை. பேச்சில் நம்பாதவர்களுக்காகச் செய்தே பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எலும்பும் தோலும் நீக்கிய நெஞ்சுக்கறி ஒரு கிலோ வாங்கி, மெல்லிய கீற்றுகளாக அரிந்து, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலிலும் பிறகு அடுப்புச் சூட்டிலும் உலர்த்தி எடை போட்டேன். 290 கிராம். அதாவது நண்பர் பிரவுனி ஒரு கிலோ என்று நம்பி வாங்குவது 290 கிராம்.

பிரவுனி இல்லம்:
மொட்டைமாடி என்றதும் எனக்கு ஓர் ஐயம் வந்தது. காக்கை தூக்கிக்கொண்டு போனது எவ்வளவு?

வைகைக்கரை:
இரண்டு துண்டுகள் போயிருக்கலாம். அதனால் 700 கிராம் குறையாது.

சிப்பிப்பாறை வீரன்:
காக்கைக்குத் தெரிந்திருக்கிறது கோழியின் அருமை.

பிரவுனி இல்லம்:
ஒரு துண்டு எத்தனை கிராம் என்பதையும் எழுதவில்லை. மேலும் மாணவி எடுத்துக்காட்டிய வரையறைப்படி கோழி என்றால் தோலும் சேர்ந்தது, எலும்பும் இருக்கலாம். ஐயா உலர்த்தியதோ வெறும் நெஞ்சுக்கறி. தோலில் உள்ள கொழுப்பும் எலும்பும் வெயிலில் ஆவியாகிப் போகாது. ஆகவே இந்தச் சோதனை செல்லாது.

வைகைக்கரை:
வரையறை எழுதிய அன்று ‘மீல் என்பது மீல்தான்’ என்று தள்ளிவிட்டு, இன்று அதே வரையறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். அப்படியானால், அதிக விலை கொடுத்து வாங்கும் பையில் முதலிடத்தில் நிற்பது தோலும் எலும்புமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறாரா?

பிரவுனி இல்லம்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கோழி முதலில் இருக்கிறது. என் நாய்க்கு ஒன்பது வயது, இன்றும் மாடிப்படி ஏறுகிறது.

வைகைக்கரை:
வருகிற ஞாயிற்றுக்கிழமை தோலோடும் எலும்போடும் முழுக்கோழி ஒரு கிலோ வாங்கப் போகிறேன். இம்முறை வலை போட்டு மூடுகிறேன். தராசின் படமும் வரும்.

கடைவீதி:
மின்தராசா, கல் தராசா?