மறு: காடல் பிளாக் – தமிழ்ல என்ன? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

மதுரை: குழந்தைங்க குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒப்புதல் படிவம் எழுதிட்டிருக்கேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. காடல் பிளாக்னா, பிள்ளைய முழுசா தூங்க வச்சு, ஒருக்களிச்சுப் படுக்கப்போட்டு, வால் எலும்புக்குக் கொஞ்சம் மேல இருக்கிற இடைவெளில ஊசி போடுவோம், பியூபிவாக்கைன்ங்கற வலி மறக்கடிக்கிற மருந்து 0.25%, உடம்பு எடைல கிலோவுக்கு 1 மில்லி, முழிச்சப்புறமும் சில மணி நேரம் வலி தெரியாது. இதுக்கு ஒருத்தர் ரீஜனல் அனஸ்தீஷியாவ அப்படியே பெயர்த்து 'வட்டார மயக்கம்'னு எழுதிக் குடுத்தார். அதப் படிச்ச ஒரு அப்பா, வட்டார வளர்ச்சி ஆபீசுல கையெழுத்து வாங்கணுமான்னு கேட்டார்.

தஞ்சாவூர்: மயக்கம்ங்கறதே பிழை ஐயா. இலக்கணத்துல மயக்கம்னா கலத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம்லாம் மறந்தாச்சா? 'பகுதி உணர்வுநீக்கம்' போடுங்க.

சென்னை: மெய்ம்மயக்கம்! உடம்பு மயங்குறதுக்கு அதவிட நல்ல சொல் ஏது :-)

யாழ்ப்பாணம்: நாங்கள் பல்லுப் பிடுங்கப் போனாலும் விறைப்பூசி எண்டுதான் சொல்லுறது. எல்லாருக்கும் விளங்கும்.

மதுரை: ஐயா, இங்க விறைப்புன்னா வேற அர்த்தம், அதுவும் ஆபரேஷன் தொடையிடுக்குல, அப்பாக்காரர் பிள்ளையத் தூக்கிட்டு ஓடிருவார். 'நரம்புத் தடை', 'முடக்கம்' ரெண்டும் வேணாம், கால் கொஞ்ச நேரம் தொளதொளன்னு இருக்கும்னு சொன்னாலே பாட்டிங்க அழறாங்க.

தஞ்சாவூர்: அப்ப மரத்தல். மரம்போல ஆதல். மரப்பாச்சியக் கூட இதோட சேத்துப் பாக்கணும், மரவட்டையும்தான், தொட்டா சுருண்டு கட்டையாயிடுதுல்ல? தனி இழைல விரிவா எழுதுறேன்.

சென்னை: எழுதாதீங்க.

கோவை: 'அடிமுதுகு மரப்பூசி' எளிமையா இருக்கு. ஆனா நாங்க நிறைய பேருக்கு அல்ட்ராசவுண்ட்ல பாத்து இடுப்போரமா ஓடுற நரம்ப மட்டும் மரக்க வைக்கிறோம், அதுக்கு அடிமுதுகு ஒத்துவராது.

மதுரை: எங்க படிவத்துக்கு அடிமுதுகு மரப்பூசியே இருக்கட்டும், இன்னும் தேட எனக்குத் தெம்பில்ல. எங்க வார்டு சிஸ்டர் மட்டும் 'மரத்துப்போற ஊசின்னே எழுதுங்க சார்'னாங்க.

யாழ்ப்பாணம்: விறைப்பூசியை அடைப்புக்குறிக்குள்ளயாவது போட்டிருக்கலாம்.

தஞ்சாவூர்: மரப்பு + ஊசி, புணர்ச்சி சரிதான். ஆனா மரம் + பூசின்னும் பிரியும், வார்னிஷ் அடிக்கிறவர்னு ஆயிடும். என் எதிர்ப்பக் குறிச்சுக்குங்க.