பால்கனியிலிருந்து கேட்ட கல்யாணி

சென்ற மார்கழியில், வயலின் கற்கும் என் மகளைச் சென்னையில் ஒரு சபாவின் மாலைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். வில் பிடிக்கும் கையை அவள் அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று முன்வரிசையில் இடம் கேட்டபோது, அவை சீசன் டிக்கெட்காரர்களுக்கு உரியவை என்றார்கள். அதற்கடுத்த வகுப்பில் இருவருக்கும் 2,400 ரூபாய் ஆகும் என்றார்கள். எங்கள் வீட்டில் அது அவளுடைய இரண்டு மாத வயலின் வகுப்புக் கட்டணம். ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்துப் பால்கனியின் கடைசி வரிசையில் அமர்ந்தோம்.

தாளமில்லாமல் கல்யாணி ராகத்தை விரிக்கும் ஆலாபனை வயலின் கலைஞரின் கைக்கு வந்தபோது, என் மகள் இடது கை விரல்களைத் தொடையின்மீது ஓட்டிப் பார்த்துவிட்டு, "எந்த விரல்ல அந்தக் கமகம் வருதுன்னே தெரியலப்பா" என்று, சுரத்தை அசைத்து வாசிக்கும் அந்த நெளிவைப் பற்றி என் காதோரம் சொன்னாள். மிருதங்கம் முதலிய தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் முன்வரிசைகளில் பலர் எழுந்து போய்விட்டார்கள். கீழே சென்று அமரலாமா என்று வாயிலில் இருந்தவரிடம் கேட்டேன். இந்தச் சீட்டுக்கு அனுமதியில்லை என்று மறுத்துவிட்டார்.

சபாக்களின் சிரமமும் எனக்குத் தெரியாததன்று. சொந்த அரங்கம் இல்லாதவை வாடகை கொடுத்தாக வேண்டும். ஒலி அமைப்புக்கும் கலைஞர்களின் சன்மானத்துக்கும் பணம் வேண்டும். இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகளுக்கான ஜிஎஸ்டி விலக்கு வரம்பை 2018 ஜனவரியில் 250 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தினார்கள் என்றாலும், முன்பகுதி இருக்கைகளின் விலை பல இடங்களில் அதைத் தாண்டிவிட்டதால், அங்கு அமர விரும்புபவர் வரியையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் வேறொரு சபாவில், கட்டணமில்லாத மதியக் கச்சேரிக்குப் போனோம். முப்பது பேர்கூட இல்லை. முதல் வரிசையில், வயலின் வாசித்த இளம்பெண்ணுக்கு நேர் எதிரே அமர்ந்து, என் மகள் ஒன்றரை மணி நேரம் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதியக் கச்சேரிகளை நடத்துகிறவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனாலும் முப்பது ஆண்டு மேடையேறிய கை எப்படி வாசிக்கிறது என்பதை மாலையில்தானே பார்க்க முடியும்?

சபா நிர்வாகிகள் எவரேனும் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தனி ஆவர்த்தனத்தின்போது காலியாகும் முன்வரிசை இருக்கைகளில், பால்கனியில் இருக்கும் மாணவர்களை அமர அனுமதியுங்கள்.