ஒரு ஈ.எல்.34 மட்டும் சிவக்கிறது, பயாஸைக் குறைத்தும் நிற்கவில்லை

குளச்சல் கிட்டார்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஸ்டேஜில் இரண்டு ஈ.எல்.34 வால்வு, முன்னால் மூன்று சிறிய 12ஏ.எக்ஸ்.7 வால்வு. மழை பிடித்ததிலிருந்து ஒரு தொல்லை. ஸ்டான்ட்பை (ஹை வோல்டேஜை நிறுத்தி வைக்கும் சுவிட்ச்) எடுத்து விட்ட கொஞ்ச நேரத்தில் வலப்பக்க ஈ.எல்.34-இன் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) சிவந்துவிடுகிறது, ஹம்மும் ஏறுகிறது. உடனே அணைத்துவிடுகிறேன். இடப்பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. பயாஸ் பிரீசெட்டை, அதாவது வால்வுக்குப் போகும் மைனஸ் வோல்ட்டை மாற்றும் திருகைத் திருப்பினால் சிவப்பு குறைகிறது, ஆனால் சத்தம் கரகரவென்று உயிரில்லாமல் போகிறது. புது ஜோடி வால்வு வாங்கத்தான் வேண்டுமா? சால்டரிங் தெரியும். கையில் முள் மீட்டர் இருக்கிறது. திருவிழா நெருங்குகிறது.

நாகர்கோவில் பேஸ்:
வால்வு போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. மேட்ச் செய்த ஜோடி வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும்.

தக்கலை பழைய ரேடியோ:
தம்பி, பணத்தை இப்போதே இறக்க வேண்டாம். அணைத்து, ஆறிய பிறகு இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே வலப்பக்கத்தில் நின்றால் கோளாறு சாக்கெட் பக்கம். அப்படியானால் புது ஜோடி போட்டாலும் அதுவும் சிவந்து வீணாகும்.

மெயினுக்கு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்தாலும் ஃபில்டர் கண்டன்சரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும்போது அளந்தால் ஒரு கை பாக்கெட்டில். காலில் ரப்பர் செருப்பு கட்டாயம்.

குளச்சல் கிட்டார்:
மாற்றிப் போட்டேன் அண்ணே. சிவப்பு வலப்பக்க சாக்கெட்டிலேயே நிற்கிறது.

தக்கலை பழைய ரேடியோ:
நல்லது, வால்வு பிழைத்தது. இனி இரண்டு ஈ.எல்.34-ஐயும் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் பின் 5-ஐ (ஐந்தாம் எண் கால்) சேசிஸுக்கு, அதாவது உலோக உடலுக்கு, அளந்து பாருங்கள். அதுதான் கிரிட், வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்துவது. அங்கே மைனஸ் குறைந்தால் கரண்ட் ஏறி பிளேட் சிவக்கும். முதலில் ஸ்டான்ட்பையில் வைத்து அளவு எடுங்கள், பிறகு ஸ்டான்ட்பையை விலக்கி எடுங்கள்.

குளச்சல் கிட்டார்:
ஸ்டான்ட்பையில் இரண்டிலும் மைனஸ் 12. விலக்கியதும் இடப்பக்கம் 12-லேயே நிற்கிறது, வலப்பக்கம் மைனஸ் 5-க்கு வந்துவிட்டது.

தக்கலை பழைய ரேடியோ:
12 என்பது உங்கள் முள் மீட்டர் காட்டும் கணக்கு. சாதாரண முள் மீட்டர் 50 வோல்ட் ரேஞ்சில் 100 கிலோ ஓம்தான். கிரிட்டுக்கு பயாஸ் வருவதோ 220 கிலோ ஓம் வழியாக, அதனால் மீட்டரே வோல்ட்டைக் கீழே இழுத்துவிடுகிறது. டிஜிட்டல் மீட்டர் கடன் வாங்குங்கள், 38-க்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் முள் காட்டிய வித்தியாசம் உண்மை. ஸ்டான்ட்பையில் இரண்டும் சமம் என்றால் பயாஸ் சப்ளையும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரும் நன்றாக இருக்கின்றன. ஹை வோல்டேஜ் வந்ததும் ஒரு பக்கம் மட்டும் சரிகிறது என்றால் எங்கிருந்தோ பிளஸ் கசிந்து கிரிட்டுக்கு வருகிறது. சந்தேகம் இரண்டு: முன் வால்விலிருந்து கிரிட்டுக்கு சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கண்டன்சர், அல்லது சாக்கெட். கண்டன்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.

குளச்சல் கிட்டார்:
டிஜிட்டல் மீட்டர் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே இடப்பக்கம் மைனஸ் 38. வலப்பக்கம் கண்டன்சர் காலை எடுத்த பிறகும் மைனஸ் 14-தான்.

தக்கலை பழைய ரேடியோ:
அப்போது கண்டன்சர் நிரபராதி. சாக்கெட்டைக் கழுவிப் பாருங்கள். பின் 4 ஸ்கிரீன், அதாவது வால்வின் இரண்டாவது கிரிட், முழு ஹை வோல்டேஜ் அங்கே நிற்கிறது. பின் 6 வால்வுக்குள் எதோடும் சேராது. ஆனால் பல ஆம்ப்களில் ஸ்கிரீன் ரெசிஸ்டரை நிறுத்த அதைத்தான் பிடித்திருப்பார்கள், அங்கேயும் அதே வோல்ட். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் பின் 5. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை, அதோடு உப்புக் காற்று. சாக்கெட்டின் பேக்கலைட் (பழைய வகை பிளாஸ்டிக்) மேல் படியும் உப்பும் தூசியும் ஈரம் குடித்ததும் கரண்டைக் கடத்தும். நாலைந்து மெகா ஓம் கசிவு போதும், உங்கள் வோல்ட் 14-க்கு இறங்கிவிடும். முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ரேடியோக்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துத் தேயுங்கள், நன்றாக உலர விடுங்கள். பின் 4-க்கும் 5-க்கும் இடையே கரிக்கோடு தெரிந்தால் கழுவிப் பயனில்லை, செராமிக் சாக்கெட் மாற்றுங்கள்.

குளச்சல் கிட்டார்:
பழுப்பாக ஒரு கோடு இருந்தது அண்ணே, பின்களில் பச்சைக் களிம்பும். கழுவியதில் மைனஸ் 29 வரை வந்து நின்றுவிட்டது. செராமிக் சாக்கெட் ஆன்லைனில் வாங்கி மாற்றி, கண்டன்சர் காலையும் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது இரண்டிலும் 38. பயாஸை எவ்வளவில் வைக்க வேண்டும்?

தக்கலை பழைய ரேடியோ:
ஒவ்வொரு வால்வின் பின் 8-ஐயும் (கேத்தோடு, வால்வின் கரண்ட் முழுதும் இதன் வழியாகத்தான்) கிரவுண்டிலிருந்து பிரித்து, நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பின் 1 பின் 8-உடன் சேர்ந்தே இருக்கட்டும். ரெசிஸ்டர் மேல் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர். ஈ.எல்.34-இன் பிளேட் தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5. பிளேட்டில் 460 வோல்ட் என்றால் 17.5-ஐ 460-ஆல் வகுங்கள், 38 மில்லி ஆம்பியர். அது உச்சம். நான் 34-லேயே நிறுத்துவேன், ராத்திரியில் மெயின் ஏறும் ஊர் நமது. சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் மாட்டி, இருபது நிமிடம் சூடான பிறகே பிரீசெட்டைத் தொடுங்கள்.

நாகர்கோவில் பேஸ்:
நானும் என் ஆம்பில் இதைப் பார்க்கிறேன். நன்றி அண்ணே.

குளச்சல் கிட்டார்:
34-உம் 36-உம் வருகிறது. ஒரு மணி நேரம் வாசித்தேன், சிவப்பு இல்லை, சத்தம் பழையபடி நிறைவாக இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணே. இடப்பக்க சாக்கெட்டும் அதே பேக்கலைட்தான், அதை விடலாமா?

தக்கலை பழைய ரேடியோ:
விடாதீர்கள், திருவிழாவுக்கு முன்பே மாற்றுங்கள். வாசிக்காத வாரங்களிலும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், உள்ளே ஏறிய ஈரம் காயும். ஆறிய பிறகே உறை போட வேண்டும்.