கலைச்சொல் தேவை: செய்திக்கு நடுவே மூக்கை நுழைக்கும் அச்சுக்கோப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம்.

இதழியல் மாணவர்களுக்கான பாடத்தொகுப்புக்காக, பெர்லினிலிருந்து வரும் ‘டாட்ஸ்’ நாளிதழின் வரலாற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறேன்.

பின்னணி சுருக்கமாக: 1977 இலையுதிர்காலத்தில் தொழிலதிபர் ஷ்லையர் கடத்தப்பட்டபோது மேற்கு ஜெர்மன் அரசு செய்தித்தடை கேட்டது, பெரிய பத்திரிகைகள் ஒத்துப்போயின. இவற்றை நம்பிப் பயனில்லை என்று இடதுசாரி இளைஞர்கள் சொந்த நாளிதழ் பற்றிப் பேசினார்கள். 1978 ஜனவரியில் மேற்கு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த ‘டூனிக்ஸ்’ மாநாட்டில் அந்தப் பேச்சு வலுத்தது. அதே ஆண்டு சில சோதனை இதழ்கள் போட்டுப் பார்த்துவிட்டு, 1979 ஏப்ரல் 17 முதல் நாள்தோறும் வரத் தொடங்கியது. அந்தச் சோதனை இதழை ஜெர்மனில் ‘நுல்நும்மர்’ என்கிறார்கள். இது முதல் சொல்.

இரண்டாவதுதான் தலைவலி. டாட்ஸில் கட்டுரையை அச்சுக்கு ஏற்றுபவர் (ஜெர்மனில் ‘செட்சர்’) படித்துக்கொண்டே போவார். ஒத்துவராத இடத்தில் அடைப்புக்குறி போட்டுத் தன் கருத்தைச் சேர்த்து, ‘செட்சர்’ என்று ஒப்பமும் இட்டுவிடுவார். எழுதியவரைக் கேட்பதில்லை. மறுநாள் அப்படியே கடைக்குப் போகும். இந்தக் குறிப்பைத் தமிழில் என்னவென்பது?

செ.

---

முதலாவதற்கு ‘வெள்ளோட்ட இதழ்’. ‘சுழிய இதழ்’ என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். தேருக்கும் கப்பலுக்கும் ஓடிய சொல் பத்திரிகைக்கும் ஓடும்.

இரண்டாவதற்கு ‘இடைச்செருகல்’ கையிலேயே இருக்கிறதே?

நா.

---

நா. அவர்களுக்கு, வெள்ளோட்டம் அருமை. இடைச்செருகலில் திருட்டு வாடை அடிக்கிறது. செருகியவன் தன்னை மறைத்துக்கொண்டு மூல ஆசிரியன் தலையில் கட்டுவதுதான் இடைச்செருகல். கம்பன் பாட்டோடு கலந்தவற்றை ‘வெள்ளி பாடல்’ என்று ஒதுக்குகிறோம். வெள்ளியம்பலத் தம்பிரான் மீது அந்தப் பழி நிற்கிறது. அவர் பாவம், எத்தனை எழுதினாரோ. டாட்ஸ்காரர் பெயர் போட்டல்லவா செருகுகிறார்?

‘செட்சர் குறிப்பு’ என்பதில் முதற்பாதியான செட்சருக்கு முதலில் சரியான சொல்லை வைத்துக்கொள்வோம். கோ என்பது வினையடி. கோத்தான், கோக்கிறான், கோப்பான். அதிலிருந்து கோப்பு, கோவை. ஆசாரக்கோவை என்றுதான் முன்னோர் பெயர் வைத்தார்கள், ‘ஆசாரக்கோர்வை’ என்றல்ல. அலுவலகத்தில் நாம் புரட்டும் கோப்பும் இதே குடும்பம்தான். தாளைக் கயிற்றில் கோத்தார்கள். எனவே ‘அச்சுக்கோப்பாளர்’. கோர்ப்பாளர் என்று எழுதுவது பிழை. இன்னும் தூய்மையாக வேண்டுமென்றால் தொடுத்தல் இருக்கிறது: ‘எழுத்துத் தொடுநர்’. குறிப்புக்குத் ‘தொடுநருரை’. எதுகையும் மோனையும் தொடை என்றால், எழுத்தை அடுக்குவது தொடை ஆகாதா?

புலவர் த.

---

புலவர் ஐயா, தொடுநர் என்றால் மாணவர்கள் யாரையோ தொடுகிறவர் என்றுதான் நினைப்பினம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அச்சுக்கோப்பாளர் என்றே எழுதுவோம். பேச்சில் ‘கொம்பொசிற்றர்’. அதை விட்டால் ‘கோர்க்கிற ஆள்’. ர் போட்டுத்தான், ஐயா கோவிக்கக்கூடாது.

ம.

---

தமிழ்நாட்டிலும் எங்களைக் கம்பாசிட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஈய எழுத்துகள் கிடக்கும் கேஸில் (பெட்டியில்) எந்த அறையில் எந்த எழுத்து என்று பார்க்காமலே விரல் போகும். இடக்கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலக்கை ‘னை’யைத் தேடும், பழைய எழுத்துமுறையில் அதற்குத் துதிக்கை போல ஒரு வளைவு உண்டு. பழைய ‘ணா’, ‘றா’, ‘னா’ எல்லாம் தனித்தனி அச்சு. வரி நிரம்பியதும் ‘கேலி’ என்ற தட்டில் இறக்கணும். இதற்கு நடுவில் கட்டுரையாளன் சொல்வது சரியா தப்பா என்று யோசிக்க எங்கே நேரம்? யோசித்தாலும் ஒரு வரி சேர்த்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள். பெர்லினில் மட்டும் எப்படி விட்டார்கள்?

ப.

---

ப. அண்ணன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. டாட்ஸில் எல்லாருக்கும் ஒரே கூலி. தலையங்கம் எழுதுகிறவருக்கும் செட்சருக்கும் அதே தொகை, கூட்டத்தில் அதே ஓட்டு. தனக்கும் உரிமையான பத்திரிகையில் தன் கருத்தை எழுத அவர் யாரிடம் கேட்க வேண்டும்? பெண்கள் அங்கே 1980இலேயே போராடி, வேலையில் பாதிக்கு மேல் இடம் பெற்றார்கள். 1990களின் தொடக்கத்தில் மேற்கு பெர்லினுக்கென்றிருந்த மானியம் நின்றதும் பெரிய முதலாளியைக் கூப்பிடுவதா, வாசகரிடம் கையேந்துவதா என்று பெரும் சண்டை. கூட்டுறவுச் சங்கம் வென்றது. வாசகர்களே பங்குதாரர் ஆனார்கள். ஒரே கூலியும் அந்தக் காலத்தோடு போயிற்று. எழுதுகிறவர்களே கணினியில் தட்டத் தொடங்கியதும் செட்சர் வேலையும் போனது.

ஒன்று விட்டுப்போனது. அந்த ஒப்பத்தில் ‘செட்சர்’ என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதுவார்கள். உயிரெழுத்தை மாற்றி, நடுவில் இரட்டை இசட் போட்டு. எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டியவரே தன் பெயரைப் பிழையாகப் போட்டுக்கொள்ளும் குறும்பு. மொழிபெயர்ப்பில் இதுவும் வர வேண்டும்.

செ.

---

அப்படியென்றால் வழக்கு முடிந்தது. அச்சுக்கோர்ப்பாளர்! ஐயா பிழை என்றாரே, அந்தப் பிழைதான் வேண்டும்.

நா.

---

கேலிக்காகப் பிழையைக் கலைச்சொல் ஆக்குவதா? ஜெர்மானியர் தம் மொழியின் இலக்கணம் தெரிந்து மீறினார். நம் மாணவர் தெரியாமல் எழுதுவார். மீறல் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு அகராதியில் ஏறிவிடும்.

த.

---

இதற்கிடையில் ஒரு செய்தி. டாட்ஸ் அலுவலகம் இருந்த கோக் தெருவின் ஒரு பகுதிக்கு 2008இல் ரூடி டுட்ஷ்கெ பெயர் வைத்தார்கள். 1968 மாணவர் தலைவர். அவரைச் சுட்டதற்கு ஷ்ப்ரிங்கர் பத்திரிகைகளின் வெறுப்புப் பிரசாரமே காரணம் என்று மாணவர்கள் கொதித்தார்கள். அந்தத் தெரு இப்போது அந்தப் பத்திரிகைகளின் முதலாளி பெயரிலேயே உள்ள ஆக்ஸல் ஷ்ப்ரிங்கர் தெருவில் போய் முட்டுகிறது. பெயர் வைக்கச் சொல்லிக் கிளப்பியது டாட்ஸ்தான். செட்சர் போனாலும் குறும்பு போகவில்லை.

நா.

---

தெருவைப் பிறகு பார்ப்போம். நம் சிற்றிதழ்களில் ஆசிரியர் குறிப்பின் கடைசியில் (ஆ-ர்) என்று போடுவம். ஆசிரியர் என்பதன் முதலெழுத்தும் கடைசி எழுத்தும். அதே முறையில் கோப்பாளரைச் சுருக்குங்கோ: (கோ-ர்). சொல் ஐயா சொன்ன கோப்பாளர்தான். கண்ணுக்குத் தெரிவது நா. கேட்ட கோர்.

ம.

---

ம. அக்கா, கை கொடுங்கள்! பிடித்துக்கொண்டேன். கட்டுரைக்குள் ‘கோப்பாளர் குறிப்பு’, அடைப்புக்குறிக்குள் (கோ-ர்). 2025 அக்டோபர் 17உடன் வாரநாள் அச்சுப் பதிப்பு நின்றதையும் சேர்த்து முடித்துவிடுகிறேன்; வார இறுதி இதழ் மட்டும் இன்னும் தாளில் வருகிறது.

செ.

---

எனக்கும் சம்மதம். கம்பாசிட்டர் என்றே போட்டிருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது.

ப.

---

பெரும்பான்மைக்கு வழிவிடுகிறேன். என் மறுப்பைப் பதிவு செய்க: சுருக்கக்கோட்டைத் தட்டச்சாளர் விட்டுவிட்டால் ‘கோர்’ அப்படியே நிற்கும், அதற்கு நான் பொறுப்பல்ல. மேலும், செ. இருமுறை ‘ஒரே கூலி’ என்று எழுதியுள்ளார். கூலி நாட்கணக்கு, மாதக்கணக்குக்கு ஊதியம் அல்லது சம்பளம். சம்பளத்தில் சம்பா நெல்லும் உப்பளமும் இருக்கின்றன என்பாரும் உளர். தனி இழையில் எழுதுகிறேன்.

த.