‘பிலே’ கருவிக்கு ‘விடுபிடி’: ஒரு முன்மொழிவும் சில தயக்கங்களும்

நண்பர்களுக்கு வணக்கம். மலையேற்றத்தில் ஏறுபவரின் கயிற்றைக் கீழே நிற்பவர் தேவைக்கு விடவும், அவர் விழுந்தால் பிடிக்கவும் உதவுவது ‘பிலே’ கருவி. அதற்கு ‘விடுபிடி’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

> ‘கயிறு தடுப்பான்’ போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது.

புரிவதுதான் சிக்கல், தவறாகப் புரிகிறது. அந்த ‘-ஆன்’ விகுதி தடுக்கும் வேலை முழுவதையும் கருவியின் தலையில் கட்டிவிடுகிறது. குழல்வகைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. கயிறு துளைக்குள் நுழைந்து, காரபினர் என்ற உலோக வளையத்தைச் சுற்றி வளைந்து, மீண்டும் வெளியே வருகிறது, அவ்வளவுதான். கீழே நிற்பவர் தன் பக்கக் கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தால் வளைவு கூடுகிறது, வளைவு கூடக் கூட உராய்வு பன்மடங்காகப் பெருகுகிறது. கையை எடுத்தால் கயிறு ஓடிவிடும். தடுத்தது யார்? கையும் கயிறும் கருவியும் சேர்ந்துதான்.

கிரிகிரி என்ற இன்னொரு வகை பிலே கருவி, கயிறு சட்டென்று இழுபட்டால் தானாகவே இறுகுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வகையைப் பற்றிப் பேசும் ஐரோப்பியத் தரநிலையின் (ஈஎன் 15151, முதல் பகுதி) தலைப்பே ‘கையின் துணையோடு பூட்டிக்கொள்பவை’ என்றுதான் சொல்கிறது. தரநிலை எழுதியவர்கள் கையை மறக்கவில்லை, நாமும் மறக்க வேண்டாம். (அதே தலைப்பில் ‘பிரேக்’ என்ற சொல்லும் இருக்கிறது என்று நீங்கள் மடக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்.)

‘பிலே’ கப்பல்காரர்களின் சொல். முளையில் கயிற்றைச் சுற்றி நிலைப்படுத்துவதைக் குறித்தது. மலையேறிகள் அதைக் கடன் வாங்கினார்கள். ஆனால் இன்று அவர்கள் செய்வது நிலைப்படுத்துவது மட்டும் அன்று. ஏறுபவர் நகர நகரக் கயிற்றை விட வேண்டும், விழுந்தால் பிடிக்க வேண்டும். இதற்குத் தமிழில் வினை தயாராக இருக்கிறது: விட்டுப்பிடித்தல். அடம் பிடிக்கும் பிள்ளையிடம் நாம் செய்வதும் அதுதானே! செயலுக்கு ‘விட்டுப்பிடிப்பு’, கருவிக்கு ‘விடுபிடி’ என்பது என் முன்மொழிவு. ‘தளைக்கருவி’ வேண்டாம், தளை கட்டிப்போடும், விடாது. ‘காப்புக்கருவி’ என்றால் தலைக்கவசமும் அதற்குள் வந்துவிடும்.

> ‘விடுபிடி’ வினைத்தொகையாகிவிடாதா? விட்ட பிடி, விடுகின்ற பிடி, விடும் பிடி. உயிர் காக்கும் கருவிக்கு இப்படி ஒரு பெயரா?

நல்ல அடி. நான் உம்மைத்தொகையாக, விடுதலும் பிடித்தலுமாக, நினைத்தேன். ஆனால் உங்கள் வாசிப்பும் பொய்யில்லை. பொருந்தாத கயிற்றைப் போட்டால் அது உண்மையிலேயே விடும் பிடிதான்.

அகலத் துளை உள்ள குழலில் 8.9 மி.மீ. புதுக் கயிற்றைப் போட்டுப் பாருங்கள். துளை கயிற்றை நெருக்குவதில்லை, நீர்ப்புகா மேற்பூச்சு வேறு வழுக்குகிறது. வேண்டிய பிடி முழுவதையும் உள்ளங்கை தர வேண்டியிருக்கும். இதற்கு நேர்மாறான தவற்றை நானே செய்திருக்கிறேன். உறை பஞ்சாகிப் பருத்துப்போன பழைய 10.5 மி.மீ. கயிற்றை, மெல்லிய கயிறுகளுக்கான குழலில் திணித்தேன். மேலே இருந்தவர் அடுத்த கொக்கியில் மாட்டக் கயிறு கேட்டுக் கத்துகிறார். இங்கே ஒரு முழம்கூட நகரவில்லை. அன்று அது பிடித்த பிடி, விடவே இல்லை.

ஆகவே கருவியில் பொறித்திருக்கும் எண்களைப் பார்க்காமல் கயிறு வாங்கக் கூடாது. 2011இல் வந்த கிரிகிரி 2, 8.9 முதல் 11 மி.மீ. வரையிலான கயிறுகளுக்கானது, 2019இல் வந்தது 8.5 வரை இறங்கியது. அந்த எல்லைக்குள் இருந்தால் எல்லாம் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்றும் இல்லை. மெல்லிய முனையில், உள்ளிருந்து கயிற்றை அழுத்தும் பாகமான கேம் இறுகத் தாமதிக்கலாம், தடித்த முனையில் கயிறு விடும்போதே இறுகிக்கொண்டு தொல்லை தரும். கயிறு பழசாகப் பழசாக, சீட்டில் எழுதிய விட்டமும் கையில் உணரும் விட்டமும் வேறாகிவிடுகின்றன.

இந்த ஒத்துப்போதலுக்குக் ‘கயிற்றுப் பொருத்தம்’ என்றே சொல்லலாம். சோதிடர்கள் ‘ரஜ்ஜுப் பொருத்தம்’ என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ரஜ்ஜு என்றாலும் கயிறுதான். நமக்கு மி.மீ. கணக்குப் போதும்.

பெயரில் விளையாட்டு கூடாது என்பவர்களுக்கு ஒன்று: கிரிகிரி என்பது ஆப்பிரிக்கத் தாயத்தின் பெயர். ஏடிசி என்ற குழலின் விரிவு ‘ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்’. அவர்கள் தாயத்து என்று பெயர் வைக்கலாம், நாம் ‘விடுபிடி’ என்று வைக்கக் கூடாதா?

எனக்கு இன்னும் பிடிபடாதது கயிறுகளின் பெயர்கள்தான். தனியாகவே போதுமானது ‘ஒற்றைக்கயிறு’. அதை 80 கிலோ எடையை விழவிட்டுச் சோதிக்கிறார்கள். எப்போதும் இரண்டையும் சேர்த்தே கொக்கிகளில் மாட்டுவது ‘இணைக்கயிறு’. நடுவில் நிற்கிறது மூன்றாவது: வளையத்துக்குள் ½ என்று குறித்திருப்பார்கள், இடம் வலம் என்று மாற்றி மாற்றி மாட்டுவார்கள், ஒரு கயிற்றை 55 கிலோவில் சோதிப்பார்கள். இதற்கு இரட்டைத் துளை விடுபிடி வேண்டும். கிரிகிரியில் ஒரு கயிறுதான் போகும். ‘அரைக்கயிறு’ என்று எழுதினேன், உடனே அரைஞாண் நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன். ‘மாற்றுக்கயிறு’ என்றால் உபரியாக வைத்திருப்பது என்று எண்ணிவிடுவார்கள். யாருக்காவது நல்ல சொல் தோன்றுகிறதா?